சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

எங்கள் வீட்டில் கொலைகள் எல்லாம் ராத்திரி பத்தரை மணிக்கு மேல்தான். குழந்தை தூங்க வேண்டும். சமையலறை விளக்கு அணைய வேண்டும். எதிர் ஃப்ளாட் பெரியவர் நியூஸ் சானலில் கத்திக்கொண்டிருப்பவர்களை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். அதன் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால், பன்னிரண்டரைக்குள் குறைந்தபட்சம் மூன்று உருப்படி காலி.

"பகல் பூரா எடிட்டருங்க கழுத்தறுக்கறது பத்தலையா உங்களுக்கு?" என்பாள் மனைவி. ஹெட்போனில் காது கேட்காத மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொள்வேன். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் தேர்ச்சி பெற்ற ஒரே நடிப்பு அது.

போன வாரம் ஒரு படத்தை நாலாவது தடவையாகப் பார்த்தேன். இத்தாலியப் படம். 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ'. வாய் சுளுக்கிக்கொள்கிறவர்கள் இங்கிலீஷில் 'டீப் ரெட்' என்று சொல்லிக்கொள்ளலாம். அடர் சிவப்பு. 1975 மார்ச்சில் வந்தது. டைரக்டர் டாரியோ அர்ஜென்டோ.

இளகின மனசுக்காரர்கள், சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் எல்லாம் இந்த இடத்திலேயே ஜோக்ஸ் பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்களுக்கு ஒரு உத்தரவாதம். கொலை செய்தவர் யார் என்று கடைசி வரை சொல்லப் போவதில்லை. அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று மட்டும் சொல்வேன். தமிழில் 'அவர்' என்ற சொல் எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! ஆணா பெண்ணா என்று மூச்சு விடாமல் கட்டுரை முழுக்க ஓட்டிவிடலாம்.

முதலில் ஒரு மஞ்சள் சமாசாரம்.

நம் ஊரில் மஞ்சள் பத்திரிகை என்றால் வீட்டுக்குள் கொண்டுவர முடியாத பத்திரிகை. இத்தாலியில் மஞ்சள் என்றால் துப்பறியும் கதை. 1929-ல் மொண்டடோரி என்ற பதிப்பகம் மர்ம நாவல்களை வரிசையாக வெளியிட ஆரம்பித்தது. எஸ்.எஸ். வான் டைன், எட்கர் வாலஸ், அகதா கிறிஸ்டி என்று பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் அட்டை. கொஞ்ச நாளில் அட்டையின் நிறமே சரக்கின் பெயராகிவிட்டது. இத்தாலியில் மஞ்சளுக்கு 'ஜாலோ' என்று பெயர். துப்பறியும் கதைக்கும் ஜாலோ என்றே ஆகிவிட்டது.

முசோலினியின் ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. நாம் ஆளும் நாட்டில் கொலையாவது, கொள்ளையாவது, அதுவும் போலீஸ் முழிக்கிற மாதிரி எழுதுவதாவது! 1941-ல் மஞ்சள் அட்டை நின்றுபோனது. யுத்தம் முடிந்து, முசோலினியும் முடிந்து, அப்புறம்தான் திரும்ப வந்தது.

அட்டையிலிருந்து அது சினிமாவுக்கு வந்தது மாரியோ பாவா மூலமாக. பாவாவின் அப்பாவே காமிராக்காரர். பிள்ளை காமிரா தந்திரங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். 1963-ல் 'அளவுக்கு மீறித் தெரிந்துகொண்ட பெண்' என்று ஒரு படம் எடுத்தார். ஹிட்ச்காக்கின் படத் தலைப்பைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு வைத்த பெயர். ரோமுக்கு வருகிற ஒரு அமெரிக்கப் பெண், கையில் எப்போதும் மர்ம நாவல். ராத்திரி ஒரு கொலையைப் பார்க்கிறாள். நாவல் படித்துப் படித்து மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். மறு வருஷம், 1964-ல், கலரில் இன்னொன்று. ஒரு பேஷன் துணிக்கடை, வரிசையாகச் சாகிற மாடல் அழகிகள், முகமே இல்லாத ஒரு வெள்ளை முகமூடி, தொப்பி, மழைக்கோட்டு, கறுப்புக் கையுறை. ஒரு மூலையில் சிவப்பு வெளிச்சம், ஒரு மூலையில் பச்சை, இன்னொன்றில் ஊதா. அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. ட்ராலிக்குக் காசில்லாமல், குழந்தைகள் இழுத்து விளையாடுகிற வண்டியில் காமிராவை வைத்துத் தள்ளினார்கள் என்று சொல்வார்கள். படத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. அந்தக் காமிரா பூனை மாதிரி நடக்கிறது.

இதே சமயம் ஜெர்மன்காரர்கள் 1959-லிருந்து எட்கர் வாலஸ் கதைகளை வருஷத்துக்கு ரெண்டு மூன்று என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் ஸ்டுடியோ போட்டு, புகை விட்டு, லண்டன் என்று சொல்லிவிடுவார்கள். இத்தாலிக்காரர்கள் அதிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். ஆக கறுப்புக் கையுறை, மழைக்கோட்டு, கத்தி எல்லாம் ரெடி. ஆள்தான் பாக்கி.

வந்தவர் ஒரு சினிமா விமர்சகர். விமர்சகன் படம் எடுத்தால் உருப்படாது என்று ஒரு ஐதீகம் உண்டல்லவா? அர்ஜென்டோ விஷயத்தில் அது பலிக்கவில்லை. 1940-ல் ரோமில் பிறந்தவர். அப்பா தயாரிப்பாளர். அம்மா பெயர் வாங்கின போட்டோகிராபர், நடிகைகளை உட்கார வைத்துப் படம் எடுத்தவர். ஒரு முகத்தின் மேல் வெளிச்சத்தை எப்படி விழவைக்கலாம் என்பதைப் பையன் ஸ்கூல் பாடத்துக்கு முன்னாலேயே படித்திருக்க வேண்டும். 'பயேஸே செரா' என்ற பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். செர்ஜியோ லியோனி தன் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்துக்குக் கதை பண்ண இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டார். ஒருவர் பெர்டோலூச்சி. இன்னொருவர் இவர்.

1970-ல் முதல் படம். 'ஸ்படிக இறகுப் பறவை' என்று கவிதைப் புத்தகம் மாதிரி ஒரு தலைப்பு. காமிரா விட்டோரியோ ஸ்டொராரோ, பின்னாளில் மூன்று ஆஸ்கார் வாங்கியவர். இசை மோரிகோனே. கதை ஃப்ரெட்ரிக் பிரவுன் என்ற அமெரிக்கரின் நாவலை ஒட்டியது. டைட்டிலில் பிரவுனின் பெயர் கிடையாது. இது நாம் கேள்விப்படாத பழக்கமில்லை, விட்டுவிடலாம்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. ராத்திரி. ஹீரோ ரோட்டில் போகிறான். ஒரு ஆர்ட் காலரி, சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே ஒரு பெண்ணும் கறுப்புக் கோட்டு உருவமும் கத்திக்காகப் போராடுகிறார்கள். காப்பாற்ற ஓடுகிறான். முதல் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் அது பின்னால் மூடிக்கொள்கிறது. உள் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில், மீன் தொட்டி மீன் மாதிரி, எல்லாம் தெரியும், எதுவும் செய்ய முடியாது. பிற்பாடு படம் முழுக்க ஒரே புலம்பல்: 'நான் பார்த்ததில் ஏதோ ஒன்று இடிக்கிறது. எது என்றுதான் தெரியவில்லை.' இருந்தும் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் பார்த்தான். ஆனால் ஒன்றைத் தப்பாகப் பார்த்துவிட்டான். எதை என்று சொன்னால் அந்தத் தயாரிப்பாளரின் சாபம் சும்மா விடாது. தயாரித்தது டைரக்டரின் அப்பாவேதான்.

ஐந்து வருஷம் கழித்து இதே விஷயத்தை இன்னும் துணிச்சலாகச் செய்து பார்த்த படம்தான் 'அடர் சிவப்பு'.

ஹீரோ மார்கஸ் ஒரு இங்கிலீஷ்காரன். ரோமில் ஜாஸ் பியானோ சொல்லிக்கொடுக்கிறான். நடித்தது டேவிட் ஹெம்மிங்ஸ். இந்தத் தேர்விலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 1966-ல் ஆண்டோனியோனியின் 'ப்ளோ-அப்' படத்தில் போட்டோகிராபராக வந்தவர் இவர். பார்க்கில் எடுத்த போட்டோவைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்து, அதில் ஒரு கொலை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பாரே, அதே ஆசாமி. 'சாட்சி' என்று நெற்றியில் எழுதி ஒட்டின நடிகரைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி சாட்சியாக நிறுத்துகிறார் அர்ஜென்டோ. இது ஒரு மரியாதை. கொஞ்சம் திருட்டும் கூட.

கதை ரோமில் நடப்பதாகச் சொன்னாலும் பெரும்பாலும் எடுத்தது டூரின் நகரத்தில். அங்கே ஒரு சதுக்கம். இரண்டு நதிகளுக்கு இரண்டு பெரிய கல்சிலைகள், போ நதி ஆண், டோரா நதி பெண். நடுராத்திரி, ஈ காக்கை இல்லை. சிலைக்கடியில் மார்கஸும் அவன் குடிகார சிநேகிதன் கார்லோவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஒரு பார், கண்ணாடி வழியாக மஞ்சள் வெளிச்சம், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அசையாமல் பொம்மை மாதிரி. எங்கோ பார்த்தது போலிருக்கிறதே என்று முதல் தடவை தோன்றியது. எட்வர்ட் ஹாப்பர் 1942-ல் வரைந்த 'நைட்ஹாக்ஸ்' ஓவியம்! படத்துக்காக அந்த பாரையே அங்கே கட்டியிருக்கிறார்கள். அமெரிக்க ஓவியனின் தனிமையை டூரின் சதுக்கத்தில் கொண்டுவந்து ஒட்டி, அதன் மேல் ஒரு அலறலை விட்டால் எப்படி இருக்கும்?

அலறல் வருகிறது. மாடி ஜன்னலில் ஒரு பெண். மற்றவர் மனசைப் படிக்கிற சக்தி உள்ளவள். அன்று சாயங்காலம் ஒரு கூட்டத்தில் மேடையில் உட்கார்ந்தபடி, இந்த அரங்கத்தில் கொலை செய்த ஒருவர் இருக்கிறார் என்று சொன்னவள். இப்போது அவள் கதை முடிகிறது. மார்கஸ் கீழேயிருந்து பார்க்கிறான், மேலே ஓடுகிறான். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் விகாரமான முகங்கள் வரைந்த ஓவியங்கள். தாண்டி உள்ளே போகிறான். காப்பாற்ற முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் மழைக்கோட்டுப் போட்ட உருவம் நடந்து போகிறது.

போலீஸ் வருகிறது. மார்கஸுக்கு ஒரு அரிப்பு. தாழ்வாரத்தில் முதலில் பார்த்த ஒரு ஓவியம் இப்போது இல்லையே? யாரோ எடுத்துவிட்டார்களா? கார்லோவிடம் சொல்கிறான். கார்லோ போதையிலும் ஒரு நல்ல விஷயம் சொல்கிறான்: ஏதோ முக்கியமானதைப் பார்த்திருக்கிறாய், அது முக்கியம் என்று உனக்கே தெரியவில்லை.

இதற்கப்புறம் கதை என்று பார்த்தால் ஓட்டை நிறைய. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு ப்ரொஃபஸரின் அறைக்குள் பல்லை இளித்துக்கொண்டு ஒரு இயந்திர பொம்மை கதவைத் திறந்து ஓடி வருகிறது பாருங்கள். யார் செய்தது, எப்படி உள்ளே வந்தது, ஏன்? விளக்கமே கிடையாது. ஆனால் தலையணையைத் தேடுவீர்கள். 2004-ல் வந்த 'ஸா' படத்தின் வெள்ளை மூஞ்சிப் பொம்மைக்கு இவர்தான் தாத்தா.

கொலைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. திரைக்கதையில் கூட இருந்தவர் பெர்னார்டினோ ஸப்போனி, ஃபெல்லினிக்கு எழுதியவர். அவருடைய யோசனை இது. துப்பாக்கிக் குண்டு பட்டால் எப்படி வலிக்கும் என்று தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது, அவன் சுடுபட்டதில்லை. ஆனால் வெந்நீர் கையில் கொட்டியிருக்கும். மேஜை முனையில் இடித்துக்கொண்டிருப்பான். அதனால் இந்தப் படத்தில் வெந்நீரும் மேஜை முனையும்தான் ஆயுதம். ஸப்போனிக்கு எங்கள் வீட்டுக் கட்டில் காலைக் காட்டியிருந்தால் இன்னும் இரண்டு ஸீன் எழுதியிருப்பார். 1981-ல் வந்த 'ஹாலோவீன்' இரண்டாம் பாகத்தில் ஒரு கொதிநீர்க் கொலை வரும். ஜாடை எங்கிருந்து வந்தது என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அந்த வெந்நீர்க் கொலையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சாகிறவள் ஒரு எழுத்தாளர். கடைசி மூச்சில், ஆவி படிந்த குளியலறைச் சுவரில் விரலால் எதையோ எழுதுகிறாள். ஆவி காய்ந்ததும் எழுத்து மறைந்துவிடுகிறது. மார்கஸ் வந்து பார்க்கிறான், சுவர் சுத்தமாக இருக்கிறது. பிறகு இன்னொருவர் வந்து வெந்நீர்க் குழாயைத் திறக்க, ஆவி ஏற ஏற, எழுத்து மெதுவாகத் திரும்ப வருகிறது. எழுதின அனைத்தும் அங்கேயேதான் இருந்தது!

இன்னொன்று. டூரினில் வில்லா ஸ்காட் என்று 1902-ல் கட்டின ஒரு மாளிகை. கொடி மாதிரி வளைகிற ஜன்னல்கள், கண்ணாடி முற்றங்கள். படம் எடுத்தபோது அதில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதி இருந்தது. ஷூட்டிங்குக்காக மொத்தப் பேரையும் கம்பெனி செலவில் ரிமினி கடற்கரைக்கு லீவில் அனுப்பிவைத்தார்களாம். அந்தக் காலி வீட்டில் மார்கஸ் ஒரு சுவரைச் சுரண்டுகிறான். காரைக்கு அடியில் ஒரு குழந்தை வரைந்த படம். கையில் கத்தியோடு ஒரு சிறுவன், ரத்தத்தோடு ஒரு ஆள். கண்டுபிடித்துவிட்டோம் என்று திருப்தியாகப் போய்விடுகிறான். அவன் போன பிறகு, யாரும் தொடாமல், சுவரில் இன்னும் ஒரு துண்டு காரை உதிர்கிறது. படத்தில் மூன்றாவதாக ஒரு உருவம்!

பார்த்தது நாம் மட்டும். இன்னும் அரை நிமிஷம் நின்றிருந்தால் அவனும் பார்த்திருப்பான்.

இசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நண்பர்கள் அடிக்க வருவார்கள். முதலில் ஜார்ஜோ காஸ்லினி என்ற ஜாஸ் இசையமைப்பாளர். அவருக்கும் டைரக்டருக்கும் ஒத்துவரவில்லை. பாக்கி வேலை இருபதுகளில் இருந்த சில பையன்களிடம் வந்தது. குழுவின் பெயர் 'காப்ளின்', குட்டிச்சாத்தான். அவர்கள் போட்ட தீம் இசைத்தட்டு இத்தாலியில் முதலிடத்துக்குப் போய் சக்கைப்போடு போட்டது. கொலை ஸீனில் வயலின் கீச்சிடும் என்று எதிர்பார்த்தால் ராக் இசை துள்ளுகிறது. காலால் தாளம் போட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொள்கிற அவஸ்தை வேறு எந்தப் படத்திலும் எனக்கு வந்ததில்லை.

குறை சொல்லாமல் விடக்கூடாது. அழகான பெண்களை அழகாகக் கொல்வது என்பது இந்த மஞ்சள் படங்களின் பழைய வியாதி. பாவாவிடமிருந்தே வந்தது. இந்தப் படத்துக்கும் அது உண்டு. ஆனால் இதில் ஜியான்னா என்று ஒரு பத்திரிகை நிருபர் வருகிறாள், டாரியா நிகோலோடி. ஹீரோவுக்கும் அவளுக்கும் கைமல்யுத்தம். ஆண்தான் பலசாலி என்று பேசினவனை மேஜையில் சாய்க்கிறாள். அவளுடைய குட்டி ஃபியட் காரில் ஹீரோவின் ஸீட் உடைந்து அமுங்கியிருக்கும். கதவு திறக்காது, கூரை வழியாக ஏறிக் குதிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பியபோது இந்த மாதிரிக் காட்சிகளைத்தான் முதலில் வெட்டினார்கள், இருபது நிமிஷத்துக்கு மேல். கொலைகளை விட்டுவிட்டு சிரிப்பை வெட்டுகிற புத்தி எந்த ஊர் விநியோகஸ்தருக்கும் பொது போலிருக்கிறது. ஜப்பானில் இன்னும் தமாஷ். அர்ஜென்டோவின் அடுத்த படம் 'சஸ்பீரியா' 1977-ல் வந்து நன்றாக ஓடியது. உடனே இந்தப் பழைய படத்தை எடுத்து 'சஸ்பீரியா 2' என்று போட்டுவிட்டார்கள். அண்ணனைத் தம்பி ஆக்கினால் கல்லாப்பெட்டி நிறையும் என்றால் ஆக்க வேண்டியதுதானே! பார்ப்பதாக இருந்தால் 126 நிமிஷப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

சரி, அந்தத் தாழ்வாரம்.

க்ளைமாக்ஸ் நெருங்குகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று மார்கஸ் நினைக்கிறான். அப்போது ஒரு சின்னக் கணக்கு உதைக்கிறது. திரும்ப அந்தக் கொலை நடந்த ஃப்ளாட்டுக்கு வருகிறான். தாழ்வாரத்தில் நிற்கிறான். காணாமல் போன ஓவியம் இருந்த இடத்தில் இருப்பது ஒரு கண்ணாடி. முகம் பார்க்கிற கண்ணாடி. அன்று ராத்திரி ஓவியங்களுக்கு நடுவில் அவன் பார்த்த ஒரு வெளுத்த முகம் ஓவியம் அல்ல. எதிர்ப்பக்கம் பதுங்கி நின்ற கொலைகாரரின் நிழல் அந்தக் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. நேருக்கு நேர் பார்த்துவிட்டு, 'படம்' என்று நினைத்துத் தாண்டி ஓடியிருக்கிறான்.

ஏமாற்று வேலை, எங்களுக்குக் காட்டவில்லையே என்பீர்கள். அங்கேதான் ஆசாமியின் துணிச்சல். காட்டியிருக்கிறார்! படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், மார்கஸ் தாழ்வாரத்தில் ஓடும்போது, காமிரா அந்தக் கண்ணாடியைத் தாண்டுகிறது. முகம் அதில் இருக்கிறது. ஃபோகஸில், வெளிச்சத்தில், கண் சிமிட்டுகிற நேரம். நிறுத்தி, பின்னால் ஓட்டி, வேலை மெனக்கெட்டுப் பார்த்தேன். கொலை செய்தவர் யார் என்பதை முன்கூட்டியே திரையில் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் நம்மைத் தேட விட்டிருக்கிறார். இந்தப் படத்தை நான் நாலு தடவை பார்த்ததற்கு அந்த ஒரு விநாடிதான் காரணம்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சினிமா சம்பந்தப்பட்டதல்ல.

நான் பி.காம். முடித்ததும் எழுத்தாளனாகிவிடவில்லை. ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அஸிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் இருந்தும் ரொக்கப் புத்தகத்தைக் கையால் எழுத வேண்டும் என்பது முதலாளி கொள்கை. எழுதுவது நான். ஒரு நாள் சாயங்காலம் கல்லாவில் 4,500 ரூபாய் குறைந்தது. எண்ணினோம், மறுபடி எண்ணினோம். 4,500.

மானேஜர் என்னைக் கேட்டார்: "மத்தியானம் யாராச்சும் கேஷ் டேபிள் பக்கம் வந்தாங்களா?"

ஆபீஸ் பையன் வந்தான் என்றேன். டீ வாங்க, பாங்க்குக்குப் போக, பத்தொன்பது வயசுப் பையன். குனிந்தான், பார்த்தேன் என்றேன். அது நிஜம். அவன் குனிந்ததைப் பார்த்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது, டிராயர் பக்கமாகக் குனிந்தான் என்றேன். மூன்றாம் தடவை முதலாளி கேட்டார். அப்போது டிராயர் கொஞ்சம் திறந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. மூன்றாம் தடவை சொல்லும்போது திறந்த டிராயர் என் கண் முன்னால் இருந்தது.

"டீ கிளாஸ எடுக்கக் குனிஞ்சேன் சார்," என்றான் பையன். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். மறுநாளிலிருந்து வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பணத்தை என்ன செய்வது? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளினோம். காமர்ஸ் படிக்காதவர்களுக்கு: கணக்கில் விடை தெரியாத வித்தியாசத்தை, தெரிகிற வரைக்கும் கொட்டி வைக்கிற தலைப்புக்கு அப்படித்தான் பெயர். நிஜமாகவே.

எட்டு மாசம் கழித்து ஆடிட். வந்த பையன் என்னைவிடச் சின்னவன். 4,500 என்ற தொகையைப் பார்த்தான், கால்குலேட்டரில் ஒன்பதால் வகுத்தான். மீதியில்லாமல் 500 வந்தது. முதல் வருஷ பி.காம். பாடம் அது: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். அந்தத் தேதி வவுச்சர் கட்டை எடுத்தான். லாரி வாடகை கொடுத்தது 7,200. ரொக்கப் புத்தகத்தில் 2,700. என் கையெழுத்து. அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அன்றைக்கே வவுச்சரை எடுத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. யாரும் எடுக்கவில்லை. ஆள்தான் கிடைத்துவிட்டானே! அந்த 2,700-ஐ அன்று சாயங்காலம் மட்டும் நான் பத்துத் தடவை பார்த்திருப்பேன்.

"விடுப்பா, அவன் இந்நேரம் வேற எங்கயாவது சேர்ந்திருப்பான்," என்றார் மானேஜர். லாரி வாடகை பற்று, சஸ்பென்ஸ் வரவு என்று ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டோம். நான்தான் எழுதினேன்.

'அடர் சிவப்பு' படத்தின் கடைசி ஷாட்டைச் சொல்லலாம், அதனால் மர்மம் உடையாது. தரையில் ரத்தம் குளம் மாதிரி. மார்கஸ் குனிந்து பார்க்கிறான். அதில் அவன் முகம் தெரிகிறது. டைட்டில் அதன் மேலேயே ஓடுகிறது.

போன வாரம் நாலாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி என் பின்னால் ஒரு நிமிஷம் நின்றாள். திரையில் தாழ்வாரம் ஓடி முடிந்தது. தோளைத் தட்டினாள். ஹெட்போனைக் கழற்றினேன்.

"யாருங்க அது, கண்ணாடியில?"

"எந்தக் கண்ணாடி?"

"இப்ப போச்சே, படமா மாட்டியிருக்கற இடத்துல. வெள்ளையா ஒரு மூஞ்சி. அவங்கதானே கொலை பண்ணது?"

படம் ஆரம்பித்து அரை மணி நேரம் கூட ஆகவில்லை. இவள் பார்த்தது ஒரு நிமிஷம். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆபீஸ் கதையை அவளிடம் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

"அந்தப் பையன் பேரு என்னன்னு சொன்னீங்க?" என்றாள்.

எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் மாசாமாசம் அவன் சம்பள வவுச்சரை எழுதினது நான்தான். பேர் எழுதாமல் வவுச்சர் இல்லை. பதினோரு மாசம் எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிப் பார்க்கிறேன். தொகை தெரிகிறது, 3,200. ரெவின்யூ ஸ்டாம்ப் தெரிகிறது, அதன் மேல் அவன் போட்ட கோணல் கையெழுத்து கூடத் தெரிகிறது. அதைப் படிக்க முடியவில்லை.